என்புக்கும் ஓர் ஏடு வேண்டும்

இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டப் பகுதியை இந்நாட்டார் இரண்டு காரணங்களால் அறிவர். ஒன்று மாணிக்கக் குழிகள். மற்றொன்று எரத்தன வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் கடினமான பாதை. மூன்றாவது ஒன்றும் உண்டு. அதனை அறிந்தோர் கடல் கடந்த பல்கலைக்கழகங்களில் இருக்கின்றனர். அதன் சுற்றுப்புறத்தே கொழுந்து பறித்தும் றப்பர்ப் பால் வெட்டியும் வாழும் மக்களுள் அறிந்தோர் மிகச் சிலர். மலைச்சாரலிலே காடு சூழ்ந்து கிடக்கும் பட்டதொம்பலென என்னும் கற்குகையே அது. 'லென' என்பது சிங்களத்திற் குகை. முன்னுள்ள சொல் ஒரு மரத்தின் பெயர்.

இக்குகையின் மண்ணை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர் பி. ஈ. பி. தெரணியகல என்பார். 1939 முதல் 1963 வரை இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் தலைவராக இருந்தவர் அவர். பலாங்கொடை மனிதன் என்ற பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தவரும் அவரே. பின்னர் அவர் மைந்தர் சிரான் தெரணியகல, 1979க்கும் 1982க்கும் இடையில் அதே குகையை அடுக்கடுக்காகத் தோண்டினார். அவ்வடுக்குகளிற் கிடைத்த அடுப்புக்கரியைக் கொண்டு 28,500 ஆண்டு எனக் காலம் கணிக்கப்பட்டது. அதன்பின் நிமல் பெரேரா முதலியோர் செய்த ஆய்வு, அங்கு மக்கள் வாழத் தொடங்கிய காலத்தை ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முன்னே கொண்டுசென்றது. விரல்நுனி அளவான கற்கருவிகள், குரங்கு அணில் ஆகியவற்றின் எலும்புகள், நத்தையோடுகள், கெக்குணக் கொட்டைகள், காட்டு ஈரப்பலாவின் எச்சம், தொலைவிலுள்ள கடலிலிருந்து வந்த சிப்பி மணிகள் என்பன ஆங்குக் கிடைத்தன. இவற்றோடு அம்மக்களின் எலும்புகளும் கிடைத்தன.

இவ்வெலும்புகள் உலகத்துக்குச் சொன்ன செய்தி சிறியதன்று. அடர்ந்த மழைக்காட்டில் வேளாண்மை அறியாத மனிதன் நெடுங்காலம் உயிர்வாழல் அரிது என்று அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். பட்டதொம்பலென உள்ளிட்ட இலங்கைத் தொல்லிடங்களில் எடுக்கப்பட்ட 26 மனிதரின் பற்களை ஆராய்ந்தோர், 2015ஆம் ஆண்டு தம் முடிபை வெளியிட்டனர். காட்டு நிழலில் வளரும் செடியிலுள்ள காபனுக்கும் வெட்டவெளிப் புல்லிலுள்ள காபனுக்கும் நுண்ணிய வேறுபாடு உண்டு. உண்டவன் பல்லின் மேற்பூச்சில் அவ்வேறுபாடு பதிந்துவிடும். பல்லாயிரம் ஆண்டு கழிந்தும் அழியாது. 20,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 3,000 ஆண்டுகளுக்கு முன்வரை இம்மக்கள் பெரிதும் காட்டின் விளைபொருளையே உண்டு வாழ்ந்தனர் என்பதை அப்பற்கள் காட்டின. கொள்கையைப் பற்கள் திருத்தின எனலாம்.

இது எவ்வாறு இயன்றது? பல் கிடைத்ததால் மட்டும் இயன்றதன்று. அப்பல் எக்குகையில், எம்மண்ணடுக்கில், எவ்வாண்டில் எடுக்கப்பட்டது என்று எவரோ ஒருவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியிலிட்டு வைத்ததால் இயன்றது. அத்துண்டுத் தாள் கறையான் வாய்ப்பட்டிருப்பின் அப்பல் வெறும் பல்லே. நாம் இன்று பேசவெடுத்த பொருள் அந்தத் தாளைப் பற்றியதே.

இலங்கையின் தொல்மனிதர் எலும்புகள் இன்று எங்கெங்கே இருக்கின்றன? பட்டதொம்பலெனவிலும், கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலைப் பெலிலெனவிலும் கிடைத்த எலும்புகளை அமெரிக்காவிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்துக் கென்னத் கெனடி என்னும் பேராசிரியர் ஆராய்ந்து 1987இல் கட்டுரை எழுதினார். இதே இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில், எம்பிலிப்பிட்டியைப் பக்கத்தில், பெல்லன்பந்திப் பலஸ்ஸ என்னுமிடத்தில் 1956 முதலாகத் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளுட் பல இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையை அடைந்தன; அவற்றைப் பற்றிய நூல் 1965இல் வெளிவந்தது. மற்றவை கொழும்பில் வெவ்வேறு நிலையங்களில் உள்ளன. ஆராய்ச்சிக்கெனச் சுரண்டியெடுத்த துகள்கள் இன்னும் சில நாடுகளுக்குச் சென்றன. ஒவ்வோரிடத்தும் ஒவ்வோர் எண், ஒவ்வோர் ஏடு. குருவிட்டத் தோட்டப் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, "எங்கள் மலைக் குகையில் எத்தனை பேருடைய என்புகள் கிடைத்தன? அவை இப்போது எங்கே?" என்று வினவினால், அவ்விரு வினாவுக்கும் விடை தரத்தக்க ஒரு பக்கத்தைப் பொதுமக்கள் எவரும் புரட்டிக் காண இயலாது. பலாங்கொடை மனிதனைப் பற்றிப் பாடநூலிற் படித்துப் பரீட்சையில் எழுதும் பிள்ளைகளே, அவன் தம் தோட்டத்துக்கு மேலே உள்ள மலையிலும் வாழ்ந்தான் எனின் வியந்து நோக்குகின்றனர்.

ஆகலின் நாம் வேண்டுவது இது: இலங்கையில் அகழ்ந்தெடுத்த தொல்மனிதர் என்புகள் அனைத்துக்கும், அவை எந்நாட்டில் இருப்பினும், இணையத்தில் ஒரு பொதுப் பதிவேடு அமைத்தல் வேண்டும். தொல்பொருளியல் திணைக்களம், தேசிய நூதனசாலைகள் திணைக்களம், பல்கலைக்கழகங்கள், களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனம் ஆகியன கூடி அதனை எழுதுதல் வேண்டும்.

ஏடு கூட்டேடாதல் ஏன் என்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கலந்து கிடக்கும் எலும்புகளில் எத்தனை பேர் உளர் என்று எண்ணுவோர், ஒருவருக்கு ஒன்றே உள்ள எலும்பை எண்ணுவர். இடத்தொடை எலும்பு மூன்று கிடைத்தால் குறைந்தது மூவர். இனி, ஒரே மனிதனின் இடத்தொடை ஒரு நகரத்துப் பெட்டியிலும் வலத்தொடை மற்றொரு நகரத்துப் பெட்டியிலும் கிடந்து, ஒருவர் ஏட்டை மற்றவர் காணாதிருப்பின், அவன் இருவனாகிவிடுவான். ஒருவர் 'இளையோன்' என்று எழுதியதை மற்றொருவர் 'பதினைந்து வயதினன்' என்று எழுதினால், இரண்டையும் ஒப்பிட வழியில்லை. வயதைப் பல் முளைத்த வரிசையாலும் எலும்பு நுனிகள் பொருந்திய நிலையாலும், ஆண் பெண் என்பதை இடுப்பெலும்பின் அமைப்பாலும் அறிவது பொதுமுறை. இளமையிற் பட்டினி கிடந்தவன் பல்லிலே குறுக்குக் கோடுகள் விழும். இரத்தம் குன்றியவன் கண்குழியின் மேற்சுவரில் நுண்துளைகள் தோன்றும். இவற்றை எல்லோரும் ஒரே முறையில் எழுதவேண்டும் என்று கருதியே அமெரிக்க அறிஞர் புயிக்ஸ்ட்ராவும் உபெலேக்கரும் 1994இல் ஒரு நெறிநூல் தொகுத்தனர். அது இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது.

இலண்டன் நகர நூதனசாலை இத்துறையில் முன்சென்றது. அந்நகரத்து ஸ்பிற்றல்பீல்ட்ஸ் என்னுமிடத்தில் பழைய மருத்துவமனைச் சுடலை ஒன்றை அகழ்ந்தபோது 10,000க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பிளேக்கிலும் பஞ்சத்திலும் மாண்ட பெயரறியா ஏழைகள் பலர் அவருள் இருந்தனர். அந்நூதனசாலையார் தம்மிடமுள்ள எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக் கணினியிற் பதிந்து, எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் இணைய வழியாகக் காண வைத்தனர். பெட்டியைத் திறவாமலே பல வினாக்களுக்கு விடை காணும் வாய்ப்பு அதனாற் கிடைத்தது.

பெட்டியைத் திறவாமை என்று கூறியதிற் பெரியதொரு பொருள் உண்டு. காபன் கொண்டு காலம் கணிப்பதாயினும், மரபணுவைத் தேடுவதாயினும், எலும்பிற் சிறிதை அரைத்தே செய்யவேண்டும்; அரைத்தது மீளாது. நம் மலைநாட்டின் ஈரமும் வெப்பமும் எலும்பின் உயிர்ச்சத்தை விரைவில் உருக்கிவிடுவதால் எஞ்சியிருப்பது சிறிது. ஒருவர் எடுத்துப் பார்த்துப் பயன் காணாது விட்டதை ஏட்டில் எழுதாதொழியின், பத்தாண்டு கழித்து வேறொருவர் வந்து அதே எலும்பில் இன்னொரு துண்டை வெட்டுவார். மாணிக்கக் குழியிற் கல் தீர்ந்தால் அடுத்த வயலைத் தோண்டலாம். 30,000 ஆண்டு பழைய மனிதனின் காதெலும்பு தீர்ந்தால் எவ்வயலைத் தோண்டுவது?

மாணிக்கக் குழியைச் சொன்னதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. கல் கிடக்கும் பரல்மண் அடுக்கைக் குழி வெட்டும் சிங்களத் தொழிலாளர் 'இல்லம' என்பர். தமிழ்க் காதுக்கு அது வீட்டின் பெயராக ஒலிப்பது ஓர் அழகு. அவ்வில்லத்திலிருந்து கல்லோடு யானை, காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் பழைய எலும்புகளும் பற்களும் வெளிவந்தன. இலங்கையில் ஒருகாலத்திற் சிங்கம் வாழ்ந்தது என்று 1939இல் தெரணியகல எழுதினார். அதற்குச் சான்றாக அவர் கையில் இருந்தவை குருவிட்டப் பகுதியிற் கிடைத்த இரண்டு பற்களே. இந்நாட்டின் கொடியிலுள்ள விலங்குக்கு மண்ணிலுள்ள சான்று இரண்டு பற்கள்! அவற்றுக்கு எண்ணும் இடமும் எழுதி வைத்தமையாலன்றோ பின்வந்தோர் அவற்றைத் தேடியெடுத்து மறுபடியும் ஆராய முடிந்தது. விலங்கின் பல்லுக்குக் காட்டிய கருத்தை மனிதன் என்புக்குக் காட்டல் கூடாதா?

இறந்தார் என்பைப் பேணிக் குறித்து வைத்தல் மேலைநாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பித்த வழக்கமன்று. தொல்காப்பியம் நடுகல்லுக்குரிய நிலைகளை, கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை, ஆறாக வகுத்துரைக்கும். பட்டவனின் பெயரையும் சிறப்பையும் அக்கல்லிற் பொறிப்பது சங்ககால மரபு. மணிமேகலை, சக்கரவாளக் கோட்டத்தைக் கூறுமிடத்து, எரிப்போர், வெட்டவெளியில் இட்டுச் செல்வோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழியாற் கவிப்போர் என இறந்தாரை அடக்குவோர் பல திறத்தாரையும் ஒருங்கே காட்டும். இன்றைய அகழ்வாராய்ச்சியாளர் தம் ஏட்டில் 'அடக்க முறை' என்று எழுதும் நிரலை நம் புலவர் முன்னரே நிரப்பிவிட்டனர். கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடம் அமையுமாறு தாழியை அகலமாக வனைக என்று குயவனை வேண்டும் பாட்டுப் புறநானூற்றின் 256ஆவது செய்யுள். அத்தகைய தாழிகள் புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் 1950களிலும் 1970இலும் அகழப்பட்டன. தாழியின் வடிவத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதனுள் இருந்தாரைப் பற்றி எழுதியோர் சிலர். மயிலாப்பூர்ச் சிவநேசர் தம் மகளின் என்பைக் குடத்திலிட்டுக் கன்னிமாடத்திற் காத்து வைத்த கதையைச் சைவப் பிள்ளைகள் எல்லாம் அறிவர். சம்பந்தர் வந்து கேட்ட வேளையில், இது இன்னாருடையது, இங்கே இருக்கின்றது என்று எடுத்து வைக்கச் சிவநேசரால் இயன்றது.

எடுத்து வைக்க இயலாதார் கதையும் நம்மிடம் உண்டு. கோப்பிக் காலத்தில், 1830களின் பின், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தோருள், வயிற்றுநோயாலும் காய்ச்சலாலும் பாதையிலே வீழ்ந்தோர் எத்தனை பேர்? வரலாற்றாசிரியர் இன்றும் அத்தொகையைப் பற்றி வழக்காடுகின்றனர். ஒருவர் பல்லாயிரம் என்பார். மற்றொருவர் அதனை மிகை என்பார். வழக்குத் தீராமைக்குக் காரணம், வீழ்ந்தவர்க்கு ஏடில்லாமையே. அவர்தம் பேரர் இன்று சபரகமுவத் தோட்டங்களில் வாழ்கின்றனர். தோட்டச் சுடலைகளில் மேடு உண்டு, கல் இல்லை. கல் உள்ள சிலவற்றிலும் எழுத்து மழையாற் கரைந்துவிட்டது. என்புக்கு ஏடில்லாமையின் துன்பத்தை இம்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாளை அப்பழைய பாதையோரத்தில் வீதி அகலிப்போர் மண்வெட்டியில் ஓர் என்பு தட்டுப்படுமாயின், அது எங்கே எழுதப்படும்?

தமிழ்நாட்டிலும் நிலைமை இதனிற் பெரிதும் வேறன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியராகிய யாகோர் தோண்டியெடுத்த பொருள்கள் பேர்லினுக்குச் சென்றன. 1899 தொடக்கம் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தவை சென்னையை அடைந்தன. அங்கிருந்த மண்டையோடுகளைப் பற்றிச் சுக்கர்மன் எழுதிய ஆராய்ச்சி 1930இல் வெளிவந்தது. 2004இல் அதே பரம்பை மீண்டும் அகழ்ந்தபோது நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவ்வகழ்வின் மாதிரிகளுக்குக் காலம் கணித்த செய்தியை நாட்டார் அறிந்தது 2019இல், அதுவும் உயர்நீதிமன்றத்திலே ஒரு வழக்கு வந்த பின். கிறித்துவுக்கு முன் 905, 696 என்ற இரு ஆண்டுகள் அன்று சொல்லப்பட்டன. பதினைந்து ஆண்டு காத்திருந்து, நீதிமன்றப் படியேறித் தம் ஊர்த் தாழியின் வயதை அறியவேண்டிய நிலை எந்த ஊர்க்கும் வரலாகாது.

இனி, ஏட்டில் என்ன எழுதவேண்டும் என்பதோடு என்ன எழுதலாகாது என்பதையும் கூறுதல் நம் கடமை. 'இனம்' என்று ஒரு நிரல் வேண்டா. கடந்த நூற்றாண்டுகளில் மண்டையோட்டை அளந்தோர் பெரும்பாலும் அதற்காகவே அளந்தனர். சுவிற்சர்லாந்து நாட்டுச் சரசின் சகோதரர் இருவர் (உண்மையில் உறவினர், சகோதரர் என்று வழங்கிவிட்டது) 1880களில் இங்கு வந்து வேடர் மண்டையோடுகளைத் திரட்டிச் சென்று, மனிதகுலத்தின் தாழ்ந்த படியில் அவர்களை வைத்து நூல் எழுதினர். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளும் இவர் இன்ன குலத்தார், அவர் அன்ன குலத்தார் என்று பங்கிடப்பட்டன. அவ்வளவைகளுட் பெரும்பாலானவற்றை இன்றைய அறிவியல் கைவிட்டுவிட்டது. நம் மேடைப் பேச்சாளர் மட்டும் கைவிடவில்லை. பட்டதொம்பலெனவில் அடுப்பு மூட்டியவர் காலத்திற் சிங்களமும் இல்லை. நாம் அறிந்த தமிழும் இல்லை. அவரை எம்மவர் என்று ஒருசாரார் உரிமை கொண்டாடுவதும், அல்லர் எம்மவரே என்று மற்றொருசாரார் எதிர்வழக்காடுவதும் காலமுறை அறியாதார் செயல்.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமக்குழியில், எலும்புக்கூட்டின் பக்கத்தே ஓர் உலோக முத்திரை கிடைத்தது. அதிலுள்ள பிராமி எழுத்துகளைக் 'கோவேத' என்றும் வேறுவாறாகவும் படித்து, அன்று முதல் எழுதிய பக்கங்கள் பல. எழுத்தாராய்ச்சி வேண்டற்பாலதே, பண்டிதராகிய நாம் அதனைக் குறைகூறோம். எனினும் அம்முத்திரையை உடையவர் எவ்வயதில் இறந்தார், எவ்வுணவு உண்டார், நோய் யாது என்று வினவியோர் எத்தனை பேர்? முத்திரையைப் பற்றி எல்லோரும் பேசினர். அதை வைத்திருந்தவரைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

நூதனசாலைப் பெட்டியிற் கிடப்போர் எல்லாம் 30,000 ஆண்டு பழையோரல்லர். எடின்பரோப் பல்கலைக்கழகத்தார் தம் உடற்கூற்று நூதனசாலையில் இருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ அவர்களிடம் கையளித்தனர். அவர் கடல் கடந்து சென்று தம் முன்னோரை ஏற்றுக்கொண்டார். எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் அன்றோ திருப்பிக் கேட்க இயலும்? அமெரிக்காவில் 1990இல் இயற்றிய சட்டம், அரசின் உதவி பெறும் நூதனசாலைகள் தம்மிடமுள்ள ஆதிக்குடிகளின் எலும்புகளைப் பட்டியலிட வேண்டும் என்றே தொடங்குகின்றது. பட்டியல் எழுந்த பின்னரே உரிமை பேச வழி பிறந்தது. நம் ஏட்டிலும், வாழும் குடியொன்றோடு தொடர்புள்ள என்புகளுக்கு அக்குடியாரின் இசைவு பெற்ற பின்னரே படமும் நுணுக்கமும் வெளியிடல் தக்கது.

திறந்த ஏடு என்றதனால் எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்கின்றோம் என்று கொள்ளற்க. இந்நாட்டிற் புதையல் தோண்டுவோர் கூட்டம் ஒன்று உண்டு. கல்வெட்டையும் குகையையும் கண்ட இடத்தில் வெடிவைப்போர் அவர். காவலற்ற குகை ஒன்றின் சரியான இருப்பிடத்தைக் கணினியில் இடுவது அவர்க்கு வழிகாட்டுவதாகும். ஆகவே ஊர்ப்பெயர் பொதுவில் இருக்க, நுண்ணிய இடக்குறிப்பு உரிமம் பெற்ற ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் புலனாதல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அகழ்வுக்கு உரிமம் வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. அவ்வுரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்றாக இப்பதிவையும் சேர்ப்பின் வேறு புதுச்சட்டம் தேவையில்லை.

அண்மைக் காலத்து எலும்புகளைப் பற்றியும் ஒரு சொல். 2018இல் மன்னார் நகரிற் சதொச கட்டடத்துக்கு நிலம் வெட்டியபோது தோன்றிய புதைகுழியிலிருந்து 300க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று 2019இல் அவற்றின் காலத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று கணித்தது. காணாமற்போன தம் பிள்ளைகளைத் தேடித் திரியும் தாய்மார் அதனை ஏற்க மறுத்தனர். அவர் மறுப்பை அறியாமை என்று தள்ளுவது அறம் அன்று. வெளிநாட்டிலிருந்து வந்த எண்ணொன்றை மட்டும் காட்டி நம்புக என்றால் எவர் நம்புவர்? எந்த எலும்பிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது, அது எவ்வடுக்கிற் கிடந்தது, உடன் கிடைத்த பொருள்கள் யாவை, அவ்வூரில் முன்பு சுடலைகள் எங்கெங்கே இருந்தன என்பன எல்லாம் ஒருங்கே தெரிந்தால், ஏற்போர் காரணத்தோடு ஏற்பர். மறுப்போர் காரணத்தோடு மறுப்பர். நீதிமன்றத்தின் முன்னுள்ள எலும்புகள் தொல்பொருள் ஏட்டில் இடம்பெறல் ஆகாது. அவை குற்ற விசாரணைக்குரியன. ஆனால் தொல்பொருள் ஏடு செவ்வையாக இருக்கும் நாட்டில், இது பழையது இது புதியது என்று பிரித்தறிதல் எளிதாகும். பழையது என்று கூறிப் புதியதை மறைப்பதும் கடினமாகும்.

இவ்வேட்டுக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்கள் இரண்டு. பொருட்செலவு என்பது ஒன்று. ஒரு படப்பெட்டியும், பயின்ற இருவரும், பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து எழுதும் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். தேசிய நூதனசாலையின் கிளையொன்று இரத்தினபுரியில் எகலபொல வளவிலேயே உள்ளது. பெலிஹுலோயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகம் உள்ளது. மற்றொன்று, தாம் அரிதின் அகழ்ந்ததைத் தாம் எழுதுமுன் பிறர் எடுத்தாள்வர் என்னும் ஆராய்ச்சியாளரின் அச்சம். இவ்வச்சம் நேரியதே. அதற்கு வழி, ஊர், ஆண்டு, அடுக்கு, இருக்கும் பெட்டி என்னும் அடிப்படைக் குறிப்பை ஓராண்டுக்குள் வெளியிட்டு, ஏனைய நுணுக்கங்களை ஐந்தாண்டு வரை அவர் கையிலேயே விடுதல். ஐந்தாண்டுக்கு மேலும் எழுதாதவர், எழுதப் போவதில்லை என்றே கொள்ளலாம்.

மொழியைப் பற்றியும் கூறிவிட வேண்டும். இதுவரை வந்தவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அமையவிருக்கும் ஏடு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்றிலும் அமைதல் வேண்டும். தமிழ் நிரலைப் பின்னர் நிரப்புவோம் என்று வெற்றிடமாக விடும் வழக்கம் இதிலும் வரலாகாது. சொல் இல்லை என்பார்க்கு விடை நம் பாடசாலைகளிலேயே உண்டு. இலங்கைத் தமிழ் விஞ்ஞான நூல்கள் எலும்பை 'என்பு' என்றே எழுதுகின்றன. முன்கையின் இரண்டு என்புகளுக்கு ஆரை, அரந்தி என்னும் பெயர்களைப் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணி வைத்திருக்கின்றனர். தாழி, கவிப்பு, ஈமக்குழி, கல்வட்டம், நடுகல் ஆகிய சொற்கள் முன்னமே உள. மண்ணடுக்குக்கும் மாதிரிக்கும் சில சொற்கள் வேண்டுமாயின் ஒரு நாள் கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம். முதற்பதிவு பட்டதொம்பலெனவினதாக இருப்பின், அதன் தமிழ் நிரலை எழுதிக் கொடுக்கச் சபரகமுவத் தமிழாசிரியர் சிலரேனும் ஊதியம் கேளாது வருவர் என்பதைத் திணைக்களத்தாருக்கு இதன்வழி அறிவிக்கின்றோம்.